கல்லாவில் ஊன்றும் முழங்கையும் எலாஸ்டிக் டேப்பும்

கடையில் உட்கார்ந்து வியாபாரம் செய்யும் நம் அங்கத்தினர்களுக்கு முதுகுவலியும் கால் வீக்கமும் பழகிப்போன விஷயங்கள். ஆனால் சுண்டுவிரல் மரத்துப்போவதைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. "ரத்த ஓட்டக் குறைவு, கையை உதறினால் சரியாகிவிடும்" என்று விட்டுவிடுகிறோம். உதறியும் சரியாகாத நாள் வரும்போது நோட்டுக் கட்டை எண்ணக்கூட விரல் ஒத்துழைக்காது. ஆகவே இதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

முழங்கையின் உட்புறம் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பைத் தொட்டுப் பாருங்கள். அதற்கும் முழங்கை முனைக்கும் நடுவே ஒரு பள்ளம் இருக்கும். மேஜை விளிம்பில் அந்த இடம் இடித்தால் ஷாக் அடித்ததுபோல் சுண்டுவிரல் வரை சுரீர் என்று இறங்குமே, அதற்குக் காரணம் அப்பள்ளத்தின் வழியே செல்லும் அல்நார் நரம்பு. அந்த இடத்தில் அதற்குத் தசைப் பாதுகாப்புக் கிடையாது. சுண்டுவிரலுக்கும், மோதிர விரலில் அதை ஒட்டிய பாதிக்கும் உணர்ச்சி தருவது இந்நரம்பே. கையிலுள்ள சிறு தசைகளில் பெரும்பாலானவற்றை இயக்குவதும் இதுதான். முழங்கையை மடக்கினால் நரம்பு இழுபடும். அது செல்லும் வழியும் குறுகும்.

இனி நம் கடைகளைப் பாருங்கள். கல்லா மேஜையிலோ ஷோகேஸ் கண்ணாடியிலோ இடது முழங்கையை ஊன்றி, அதே கையால் போனைக் காதில் பிடித்தபடி, வலது கையால் சிட்டை எழுதுகிறோம். அழுத்தமும் மடக்கமும் ஒருசேர வந்துவிடுகின்றன. பகலில் இது போதாதென்று, இரவில் கையை மடித்துத் தலைக்கு அடியில் வைத்துத் தூங்குகிறோம். விடியற்காலையில் விரல் மரத்து விழிப்பு வருவது இதனால்தான்.

இதற்கு எலாஸ்டிக் டேப் ஒட்டலாம் என்று பிசியோதெரபி நிபுணர்கள் சிலர் சொல்கிறார்கள். ஜப்பானைச் சேர்ந்த கென்ஸோ கசே 1970களில் உருவாக்கிய முறை இது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வீரர்கள் தோளிலும் காலிலும் வண்ண வண்ணமாக ஒட்டிக்கொண்டு ஆடியபின் உலகெங்கும் பரவியது. பருத்தித் துணியில் எலாஸ்டிக் இழை சேர்ந்த ஒட்டுப்பட்டை, அவ்வளவுதான். மருந்து எதுவும் இல்லை. தோலை லேசாகத் தூக்கி உள்ளே அழுத்தத்தைக் குறைக்கிறது என்று சொல்லப்பட்டாலும், அதற்கு உறுதியான நிரூபணம் இல்லை. சிலருக்கு வலி குறையலாம். நம் கருத்தில் இதன் முக்கியப் பயன் வேறு: கையை அதிகமாக மடக்கும்போது டேப் தோலை இழுத்து "மடக்காதே" என்று நினைவூட்டும். பக்கத்தில் நிற்கும் கணக்குப்பிள்ளை செய்யவேண்டிய வேலையை அது செய்கிறது!

ஒட்டுவதற்கு முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைக்கவேண்டும். எண்ணெய்ப் பசை இருந்தால் ஒட்டாது. 5 செ.மீ. அகலப் பட்டையில், மணிக்கட்டின் சுண்டுவிரல் பக்கத்திலிருந்து முழங்கையைத் தாண்டி நான்கு விரற்கடை வரை அளந்து வெட்டி, முனைகளை வட்டமாகக் கத்தரியுங்கள். மேல்பகுதியை நடுவில் பிளந்து, முழங்கையின் உட்புற எலும்பையும் பள்ளத்தையும் நடுவில் விட்டு இருபுறமும் ஒட்டுவது நல்லது. நரம்பின் மேலேயே இழுத்து ஒட்டினால் இருக்கும் அழுத்தம் கூடத்தான் செய்யும். கையைப் பாதி மடக்கிய நிலையில், காகிதத்தில் இருந்த இழுப்போடு மட்டும் ஒட்டவேண்டும்; முனைகளில் இழுப்பே கூடாது. கையைச் சுற்றிக் கட்டுப்போல் ஒருபோதும் ஒட்டாதீர்கள். முதல் முறை நிபுணரிடமே ஒட்டிக்கொண்டு பார்த்துத் தெரிந்துகொள்வது உத்தமம்.

மூன்று முதல் ஐந்து நாள் வரை இருக்கலாம். அரிப்பு, கொப்புளம், விரல் நிறம் மாறுதல், மரமரப்பு அதிகரித்தல் ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே எடுத்துவிட வேண்டும். தேங்காய் எண்ணெய் தடவி ஊறவிட்டு, முடி படிந்த திசையில் உரித்தால் தோல் பிய்யாது. புண் உள்ள இடத்தில் ஒட்டக்கூடாது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஒட்டவே வேண்டாம்.

டேப்பைவிட அதிகப் பலன் தருவது செலவில்லாத காரியம்: கல்லா விளிம்பில் ஒரு மெத்தைத் துண்டு போடுவது, போனைக் காதில் பிடிக்காமல் இயர்போனில் பேசுவது, இரவில் முழங்கையைச் சுற்றித் துண்டைத் தளர்வாகக் கட்டிக் கை மடங்காமல் பார்த்துக்கொள்வது. சில வாரங்களில் வித்தியாசம் தெரியவேண்டும்.

மரமரப்பு கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரலில் இருந்தால் அழுத்தம் பெரும்பாலும் மணிக்கட்டில். அதற்கு இந்த முறை உதவாது. கழுத்து எலும்புத் தேய்மானத்தாலும் சுண்டுவிரல் மரக்கலாம். இந்நரம்பு தடித்து, தோலில் உணர்ச்சியற்ற வெளிறிய தேமலும் இருந்தால் தொழுநோயா என்று பார்க்கவேண்டும். அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம், முழுக்கக் குணமாகும், கூச்சப்பட ஒன்றுமில்லை. இடது கையில் வலி இறங்குவதோடு நெஞ்சில் இறுக்கமும் வியர்வையும் வந்தாலோ, ஷட்டரை இறக்கக்கூடக் காத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டுக்கும் நடுவே ஒரு காகிதத்தைப் பிடித்துக்கொண்டு, மற்றொருவரை இழுக்கச் சொல்லுங்கள். பிடியைக் காக்கக் கட்டைவிரலின் நுனி மடங்கினால், தசை பலவீனமடைந்திருக்கக் கூடும். புறங்கையில் அவ்விரு விரல்களின் இடைச் சதை குழிந்திருந்தாலும் அப்படியே. அந்தக் கட்டத்தில் டேப்பை வாங்கிக்கொண்டு நாள் கடத்தாமல் நரம்பியல் மருத்துவரைப் பார்த்து, நரம்பில் மின்னோட்டம் எவ்வளவு வேகமாகச் செல்கிறது என்று பரிசோதிக்கவேண்டும். தேவைப்பட்டால் நரம்பை விடுவிக்கும் அறுவை சிகிச்சை உண்டு. ஆனால் வற்றிப்போன சதை அதன்பிறகு முழுமையாகத் திரும்புவது அரிது.