கொழும்பில் கையெழுத்து, புளியந்தீவில் கணக்கு

மட்டக்களப்பு நகரின் புளியந்தீவில் நான்கு பேர் வேலைசெய்யும் ஒரு புடைவைக் கடையை எடுத்துக்கொள்வோம். 2025 ஏப்ரல் முதல் தேசியக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 27,000 ரூபாய். 2026 ஜனவரி முதல் 30,000. ஆளுக்கு மூவாயிரம்தானே கூடுகிறது என்று முதலாளி நினைத்தால் கணக்குப் பிழைத்துவிடும். கூடிய தொகைக்கும் ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதம், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதம் கடைதான் கட்ட வேண்டும். ஆளுக்கு 3,450. நான்கு பேருக்கு மாதம் 13,800. வருடத்துக்கு 165,600.

இது இரவோடிரவாக வந்த மாற்றமல்ல. 30,000 என்ற இரண்டாவது படியும் 2025இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தத்திலேயே திகதியோடு எழுதப்பட்டிருந்தது. வாசித்து வைத்த கடைக்கு மாதக்கணக்கில் அவகாசம் கிடைத்தது. வாசிக்காத கடைக்கு ஜனவரிச் சம்பள நாள்தான் அறிவித்தல்.

கடையோ, அச்சகமோ, மகளிர் சங்கமோ, மூன்று அறைகளில் இயங்கும் அரச சார்பற்ற நிறுவனமோ, எதுவானாலும் கொள்கை மாற்றங்களைக் கவனிக்க ஒருவர் பொறுப்பாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். இதற்குப் புதுப் பதவி தேவையில்லை. கணக்கு எழுதுபவருக்கே வாரத்தில் ஒரு மணித்தியாலம் ஒதுக்கிக் கொடுங்கள். வழமையான வர்த்தமானி வெள்ளிக்கிழமைகளில் வரும். அதிவிசேட வர்த்தமானி எந்த நாளிலும் வரலாம். இரண்டும் இணையத்தில் கிடைக்கின்றன. தமிழ்ப் பிரதி பிந்தினால் ஆங்கிலப் பிரதியில் திகதியையும் வீதத்தையும் மட்டும் குறித்துக்கொண்டால் போதும். எப்போதிருந்து, எங்களுக்குப் பொருந்துமா, கூடுதல் செலவு யார் தலையில்? இந்த மூன்றுக்கும் பதிலை ஒரு கொப்பியில் எழுதி, முதலாளியிடமோ பணிப்பாளரிடமோ ஒப்பம் வாங்கிவிட வேண்டும்.

வற் எனப்படும் பெறுமதி சேர் வரியில் இந்தக் கவனிப்பு எப்படி உதவுகிறதென்று பாருங்கள். 2022 ஜூனில் 8 வீதம் 12 ஆகி, அதே ஆண்டு செப்டெம்பரில் 15 ஆகி, 2024 ஜனவரி முதல் 18 வீதமாக நிற்கிறது. 2023 டிசம்பரில் ஐந்து இலட்சம் ரூபாய் வேலைக்கு விலை கூறிய அச்சகம் வரியுடன் 575,000 என்று எழுதியிருக்கும். வேலையை முடித்து ஜனவரியில் பற்றுச்சீட்டு எழுதினால் அது 590,000. அந்த 15,000 யாருடையது? ஒப்பந்தத்தில் “வரி வீதம் மாறினால் மாறிய வீதமே பொருந்தும்” என்று ஒரு வரி இருந்தால் சண்டையில்லை. வாங்குவது வற் வரிக்குப் பதியாத தொண்டு நிறுவனம் என்றால், கட்டிய வரியைத் திரும்பப் பெற வழியில்லை. அது முழுக்கச் செலவு. திட்ட வரவு செலவைத் தயாரிக்கும்போதே இதற்கு இடம் விட வேண்டும்.

யார் பதிய வேண்டும் என்பதும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. 2020இல் வருட விற்பனை 30 கோடி ரூபாய் என்றிருந்த எல்லை 2022 ஒக்டோபரில் 8 கோடியாகவும், 2024 ஜனவரியில் 6 கோடியாகவும் இறங்கியது. ஆறு கோடி பெரிய தொகையாகத் தெரியும். நாளொன்றுக்கு ஏறத்தாழ 165,000 ரூபாய் விற்பனை என்று பிரித்துப் பாருங்கள். நகரில் நன்றாக ஓடும் ஒரு ஹாட்வெயார் கடை அதைத் தாண்டலாம். கணக்கில் எடுப்பது இலாபத்தை அல்ல, விற்பனையை. 2026ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்ட உரையில் இந்த எல்லையை மூன்று கோடியே அறுபது இலட்சமாக்கும் யோசனையும் வந்தது. யோசனை வேறு, சட்டம் வேறு. உரையில் கேட்டதைப் பென்சிலால் குறியுங்கள். சட்டம் வந்த பிறகு பேனாவால் எழுதுங்கள். பதியாத கடை வற் வரி அறவிடவே முடியாது என்பதையும் வாங்குபவர்கள் தெரிந்திருக்க வேண்டும். பற்றுச்சீட்டில் 7000 என்று முடியும் பதிவிலக்கம் இருக்கிறதா என்று பாருங்கள்.

முன்கூட்டியே அறிய இன்னொரு வழியும் உண்டு. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் அங்கீகரித்த நான்காண்டுக் கடன் திட்டத்தில், ஒவ்வொரு மீளாய்வு அறிக்கையும் அரசு அடுத்துச் செய்யவிருக்கும் வரி மாற்றங்களைப் பட்டியலிட்டுச் சொல்லிவிடுகிறது. பின்னிணைப்பிலுள்ள அட்டவணையை மட்டும் வாசித்தாலே போதும்.

தொண்டு நிறுவனங்களில் வேலை செய்பவர்கள் கொழும்போடு வொஷிங்டனையும் கவனிக்க வேண்டியிருக்கிறது. 2025 ஜனவரி 20ஆம் திகதி அமெரிக்க ஜனாதிபதி வெளிநாட்டு உதவியை 90 நாட்களுக்கு இடைநிறுத்தினார். சில நாட்களில் திட்ட வேலைகளை நிறுத்தச் சொல்லும் கடிதங்கள் புறப்பட்டன. மார்ச்சில் அமெரிக்க அரசின் உதவி நிறுவனமான யுஎஸ்எயிட்டின் திட்டங்களில் 83 வீதம் இரத்து. ஜூலை 1இல் அந்த நிறுவனமே முடிவுக்கு வந்தது. உலகெங்கும் கடைசியில் அடிபட்டது நேரடி ஒப்பந்தமே இல்லாத சிறு அமைப்புகளும் அவற்றின் கள உத்தியோகத்தர்களும்தான். பெரிய நிறுவனத்திடமிருந்து உப மானியம் பெறும் எந்த அமைப்பும் இதே இடத்தில்தான் நிற்கிறது. ஒரே கொடையாளியிடமிருந்து பாதிக்கு மேல் பணம் வருகிறதென்றால், அதை நிர்வாக சபைக் கூட்டத்தில் பேசாமல் விடக்கூடாது. மூன்று மாதச் சம்பளத்தைக் கையிருப்பாக வைக்கும் இலக்கையும் அதே கூட்டத்தில் தீர்மானியுங்கள்.

வேலையிலிருப்பவர் கேட்க வேண்டியவையும் உண்டு. என் சம்பளம் எந்தத் திட்டத்திலிருந்து வருகிறது? அது எப்போது முடிகிறது? இடையில் நின்றால் எத்தனை நாள் முன்னறிவித்தல்? கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள், வீட்டில் உங்களை நம்பி ஆட்கள் இருக்கிறார்கள். சேமலாப நிதிக் கணக்கில் பணம் மாதாமாதம் விழுகிறதா என்றும் பாருங்கள். பதினைந்து பேரோ அதற்கு மேலோ வேலைசெய்யும் இடத்தில், ஒழுக்கக் குற்றமின்றி ஒருவரை நிறுத்த அவரது எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ வேண்டும் என்கிறது 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம். உங்கள் நிலைக்கு அது பொருந்துமா என்பதைத் தொழில் அலுவலகத்தில் கேட்டறியலாம். ஆலோசகராக, வளவாளராக வேலை செய்பவருக்கு மாதம் ஓர் இலட்சத்துக்கு மேல் கொடுத்தால் 5 வீதம் நிறுத்திவைத்தல் வரி கழிபடும். கழித்ததற்கான சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள்.

தொண்டு நிறுவனத்துக்கும் வரி உண்டு. கிடைக்கும் மானியத்திலும் நன்கொடையிலும் 3 வீதத்தை வருமானமாகக் கொண்டு வரி விதிக்க 2017ஆம் ஆண்டு உள்நாட்டு இறைவரிச் சட்டம் இடமளிக்கிறது. மனிதாபிமான நிவாரணம் போன்றவற்றுக்குச் செலவிட்டதை நிரூபித்தால் சலுகை கேட்கலாம். அதற்கு ஆவணம் வேண்டும்.

எவ்வளவு வாசித்தாலும் தடுக்க முடியாத அடிகளும் இருக்கின்றன. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ஆனது. நாளுக்கு 20 லீற்றர் எரிக்கும் படகுக்கு 1,740 ரூபாய்ச் செலவு 6,800 ஆகிவிட்டது. அதற்கு முந்திய ஆண்டு மே மாதம் இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்தார்கள். நவம்பரில் விலக்கினார்கள், பெரும்போக விதைப்புக் காலம் வந்த பிறகு. வாவிக்கு மேற்கே நெல் விளையும் படுவான்கரையில் விளைச்சல் விழுந்தால், அறுவடைக்குப் பின் நகைக்கும் புடைவைக்கும் புளியந்தீவுக்கு வரும் பணமும் விழும். உரமே விற்காத கடைக்காரரும் ஆறு மாதம் கழித்து அதை உணர்வார். ஆகவே மாற்றம் உங்கள் தொழிலைப் பற்றியதா என்று மட்டும் பார்க்காதீர்கள், உங்கள் வாடிக்கையாளரின் தொழிலையும் சேர்த்துப் பாருங்கள்.

சுற்றறிக்கை வந்ததாம், ஆனால் யார் கையிலும் பிரதியில்லை என்ற நிலை வந்தால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உதவும். பிரதேச செயலகத்திலும் மாநகரசபையிலும் தகவல் உத்தியோகத்தர் இருப்பார். விண்ணப்பத்துக்கு 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவைச் சொல்ல வேண்டும். தமிழிலேயே எழுதுங்கள். சுற்றறிக்கையின் இலக்கம் தெரியாவிட்டால் விடயத்தையும் மாதத்தையும் குறிப்பிடுங்கள். பெற்றுக்கொண்டதற்கான எழுத்துமூலச் சான்றை வாங்காமல் அலுவலகத்தை விட்டு வராதீர்கள்.