கடனும் கொடையும்: மக்கள் கூடும் மண்டபங்களின் சமுதாயப் பொறுப்பு

மக்கள் ஓரிடத்துக் கூடி உண்டு மகிழ்தல் நம் நாட்டு வழக்கங்களுள் மிகப் பழையதொன்று. கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தோர்க்கு இதனை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. சித்திரைத் திங்களில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவிற்குச் சுற்றூர்கள் யாவும் திரண்டு செல்லும். தையும் ஆவணியும் பிறந்துவிட்டால், முல்லையாற்று நீரால் நெல்லும் வாழையும் விளையும் சின்னமனூரில் மணவிழாக்கள் தொடங்கிவிடும். முற்காலத்தில் வீட்டு வாசலிலே பந்தலிட்டு நடத்திய இவ்விழாக்கள் இன்று பெரும்பாலும் வாடகை மண்டபங்களில் நடைபெறுகின்றன. ஆகவே, ஊரார் கூடும் இடம் ஒருவருடைய தொழிலிடமும் ஆயிற்று. இங்ஙனம் மக்களின் மகிழ்ச்சியைக்கொண்டு பொருளீட்டுவோர் அம்மக்களுக்குச் செய்யக் கடமைப்பட்டது யாது? இவ்வினாவையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

நிறுவனங்களின் சமுதாயப் பொறுப்பு என்னும் தொடர் இன்று பலர் வாயிலும் வழங்குகின்றது. அதனைக் கேட்டவுடன் நம் மனத்தில் தோன்றுவது கொடையே: பள்ளிக்குக் கட்டடம், மருத்துவமனைக்குக் கருவி, ஏழை மாணவர்க்குப் புத்தகம். இவை போற்றத்தக்கனவே. எனினும் கொடை வேறு, கடன் வேறு. விருப்பத்தால் தருவது கொடை. தன் தொழிலால் பிறர்க்குத் தீங்கு நேராவண்ணம் காத்தல் கடன். கடனைச் செலுத்தாதவன் அளிக்கும் கொடை, வேலையாளுக்குக் கூலி கொடாதவன் ஊருக்கு விருந்திடுதலை ஒக்கும்.

சட்டமும் இவ்வேறுபாட்டை உணர்ந்தே அமைந்துள்ளது. 2013-ஆம் ஆண்டின் இந்தியக் கம்பெனிச் சட்டத்தின் 135-ஆம் பிரிவு 2014 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், அல்லது ஆண்டு விற்றுமுதல் 1000 கோடி, அல்லது நிகர இலாபம் 5 கோடி என்னும் அளவுகளுள் ஒன்றை எட்டிய கம்பெனி, முந்திய மூன்றாண்டு நிகர இலாபத்தின் சராசரியில் நூற்றுக்கு 2 பங்கைப் பொதுநலப் பணிகளுக்குச் செலவிடவேண்டுமென அஃது அப்போது விதித்தது. தொழில் நடைபெறும் பகுதிக்கு முதன்மை தருக என்றும் கூறிற்று. ஈண்டு நாம் சிறப்பாகக் கவனிக்கத்தக்கது, எவையெவை இக்கணக்கிற் சேரா என்பதை விதிகள் வரையறுத்திருத்தலாம். வழக்கமான தொழிலின்பொருட்டுச் செய்யும் செலவு சேராது; தன் பணியாளர்க்கு மட்டும் பயன்படுவது சேராது. 2021-இல் திருத்திய விதிகள், விளம்பரப் பயன் கருதித் தரும் ஆதரவுத் தொகையும், வேறு சட்டங்களின்படி செய்தே தீரவேண்டியனவும் சேரா எனத் தெளிவாக்கின. எனவே, மண்டபத்திற்குத் தீயணைக்கும் கருவி வாங்கிய செலவைத் தருமக் கணக்கில் எழுதுதல் கூடாது. அது கடன்.

நம் ஊர் மண்டபங்கள் மேற்கூறிய அளவுகளுக்கு மிகக் கீழே நிற்பன. ஆதலின் இரண்டு பங்கு என்னும் விதி அவற்றைத் தொடாது. ஆயின் கடன் என்பது பெரியவர், சிறியவர் என்று பார்ப்பதில்லை. இதனை இரண்டு துயர நிகழ்ச்சிகளால் அறியலாம்.

2004 ஜனவரி 23 அன்று திருவரங்கத்தில் ஒரு திருமண மண்டபத்தின் மேல்தளத்துக் கீற்றுப் பந்தலின்கீழ் மணவிழா நடந்துகொண்டிருந்தது. மின்கம்பியில் எழுந்த பொறி கீற்றைப் பற்றிக்கொண்டது. கீழிறங்குதற்கு இருந்த வழியோ குறுகியது. ஐம்பதின்மருக்கு மேற்பட்டோர் மாண்டனர். மணமகனும் அவர்களுள் ஒருவர். வாழ்த்த வந்தோர் வீடு திரும்பவில்லை.

இதற்கு ஏழாண்டு முன்னர், 1997 ஜூன் 13 அன்று, தில்லி மாநகரில் உபஹார் என்னும் திரையரங்கில் தீப்பிடித்தது. வண்டி நிறுத்துமிடத்தை அடுத்திருந்த மின்மாற்றியிலிருந்து எழுந்த புகை மேல்மாடத்திற் புகுந்தது. அங்கே கூடுதல் இருக்கைகளின்பொருட்டு ஒரு புறத்து வெளிவழி அடைபட்டிருந்தது. 59 பேர் உயிரிழந்தனர். பெரும்பாலோர் நெருப்பினால் அன்று, மூச்சுத் திணறியே மாண்டனர். 2015-இல் உச்ச நீதிமன்றம் உரிமையாளர் இருவர்க்கும் தலைக்கு 30 கோடி ரூபாய் தண்டம் விதித்து, அத்தொகையை விபத்துச் சிகிச்சை மையம் ஒன்றிற்குச் செலவிடுமாறு பணித்தது. மருத்துவ மனைக்கு 60 கோடி ரூபாய் என்பது எத்துணைப் பெருங்கொடையாகத் தோன்றக்கூடும்! ஆயினும், அந்த மாலைப் பொழுதில் வேண்டியிருந்தது 60 கோடி அன்று. தடையற்ற ஒரு வழியே.

மாணவர்கள் இதன் காரணத்தையும் உணர்தல் வேண்டும். மூடிய கூடத்தில் தீயினும் விரைந்து பரவுவது புகை. அதிலுள்ள நச்சுக்காற்று மனிதனை முதலில் மயக்கும். பின்னரே தீ அவனை வந்தடையும். ஆதலின் சில நிமிடங்களுக்குள் அனைவரும் வெளியேறுதல் வேண்டும். கதவுகள் உள்நோக்கித் திறப்பனவாயின், முட்டி நெருக்கும் கூட்டமே அவற்றை அடைத்துவிடும். எனவே வெளிநோக்கித் திறத்தல் வேண்டும். மாடிப்படியில் நாற்காலிகளையும் வாடகைப் பாத்திரங்களையும் அடுக்கிவைத்தல், பின்வாசலைப் பூட்டித் திறவுகோலை எங்கோ வைத்தல், ஒரே இணைப்பில் பல விளக்குகளை மாட்டுதல் ஆகியன நாம் நாள்தோறும் காணும் சிறு பிழைகள். பேரிடர் இவற்றினின்றே பிறக்கின்றது.

கடன் மண்டபத்தின் சுவரோடு முடிவதுமன்று. அடுத்த வீட்டில் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையும் நோயாளியும் உளர். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வெளியிடங்களில் ஒலிபெருக்கியைப் பொதுவாக விலக்குகின்றன. பந்தி முடிந்தபின் எச்சிலிலையைத் தெருமுனையிற் கொட்டுதலும், கழிவுநீரை வாய்க்காலில் விடுதலும், ஒரு குடும்பத்தின் மங்கல நாளை ஊருக்குத் துன்ப நாளாக்கும். இலையெடுப்போரும் பாத்திரம் துலக்குவோரும் உறங்க இடமும் உரிய கூலியும் பெறுதல் வேண்டும். விருந்தின் இனிமை அவர்கள் உழைப்பிலன்றோ உள்ளது!

இவற்றைச் செய்தபின் கொடைக்கு வருவோம். அதுவும் நமக்குப் புதியதன்று. வணிகர் தம் வாணிகத்தில் ஒரு சிறு பங்கைப் பொதுக்காரியத்திற்கென ஒதுக்கும் மகமை என்னும் வழக்கம் தென்னாட்டில் நெடுங்காலம் நிலவியது. விருதுநகர் முதலிய ஊர்களில் கல்விச்சாலைகள் அவ்வழியே வளர்ந்தன. மண்டபத்தார் பெருந்தொகை தர இயலாராயினும், தருதற்கு அவர்களிடம் வேறொன்று உண்டு: இடம். ஆடியிலும் மார்கழியிலும் மணவிழா இன்மையால் மண்டபங்கள் வெறிதே கிடக்கின்றன. அந்நாட்களில் குருதிக்கொடை முகாமுக்கும், கண் மருத்துவ முகாமுக்கும், விளக்கு வசதியற்ற மாணவர் மாலையிற் படிப்பதற்கும் கதவைத் திறந்துவிடலாம். மழைக்காலத்தில் வீடிழந்தோர்க்கு அதுவே புகலிடமாகும்.

“இவற்றுக்கெல்லாம் செலவு மிகும், வாடகையை உயர்த்தினால் மக்கள் வேறிடம் செல்வர்” என்று உரிமையாளர் கூறக்கூடும். இது பொய்யன்று. குறைந்த வாடகையையும் பளபளப்பான அலங்காரத்தையும் மட்டுமே வினவும் நாமும் இப்பிழையிற் பங்குடையோம். மண்டபம் அமர்த்தச் செல்வோர், “எத்தனை பேர் அமரலாம்?” என்று கேட்பதோடு, “எத்தனை பேர் எளிதில் வெளியேறலாம்?” என்றும் கேட்கத் தொடங்கின், உரிமையாளர் விடை தேடித்தான் ஆகவேண்டும்.

மாணவ நண்பர்களே! அடுத்த முறை ஒரு மணவிழாவிற்குச் செல்லும்போது, அமர்வதற்கு முன் வாயில்களை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். பூட்டியிருப்பது உண்டாயின் பெரியோரிடம் பணிவுடன் எடுத்துச் சொல்லுங்கள். உங்களுள் சிலர் நாளை மண்டபங்களுக்கும் அரங்குகளுக்கும் உரிமையாளராவீர். சிலர் அவற்றுக்கு உரிமம் வழங்கும் அலுவலராவீர். அந்நாளில் வாசலிற் பொறிக்கும் கொடையாளர் பெயரினும், தடையின்றித் திறக்கும் பின்வாசற் கதவே முதற்கண் உங்கள் நினைவிற்கு வருவதாக.