பிள்ளை வளர்ப்பு அறிவுரைகளில் முற்கோள்கள்: இடைச்சொல் நோக்கில் ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

குழந்தை பிறந்த வீட்டிற்கு அறிவுரை கேளாமலே வந்து சேர்கின்றது. அன்பினால் சொல்லப்படும் அவ்வறிவுரை கேட்பவருக்கு, குறிப்பாக இளந்தாய்க்கு, எரிச்சலையும் குற்றவுணர்வையும் தருவது ஏன் என்னும் வினாவை இக்கட்டுரை மொழி நோக்கில் ஆராய்கின்றது. அறிவுரையின் வெளிப்படைக் கருத்தைக் காட்டிலும், இன்னும், கூட, தான், எல்லாம், ஏ, ஓ முதலிய சிறு சொற்களில் பொதிந்துள்ள முற்கோள்களே அவ்வுணர்வுக்குக் காரணமாகின்றன என்பது இதன் கருதுகோள். தொல்காப்பிய இடையியல் கூறும் பொருட்பாகுபாடுகள் இம்முற்கோள்களை விளக்கத் துணைபுரிகின்றன.

திறவுச்சொற்கள்: முற்கோள், இடைச்சொல், சிறப்பும்மை, தேற்றம், ஒழியிசை, பிள்ளைத்தமிழ், பிள்ளை வளர்ப்பு.

1. முன்னுரை

பிள்ளை வளர்ப்புப் பற்றிய பேச்சு எல்லாச் சமூகங்களிலும் உண்டு. பெற்றோர் கூடும் இடங்களில், அது திருமண வீடாயினும் பள்ளி வாயிலாயினும், ஒருவர் தம் பிள்ளையைப் பற்றிச் சொல்ல மற்றவர் தம் பிள்ளையைக் கொண்டு அதனை அளப்பது வழக்கம். ஒரு பிள்ளையிடம் கண்ட அனுபவத்தை எல்லாப் பிள்ளைகளுக்கும் விதியாக்குதல், தாம் செய்ததே சரியெனக் கொள்ளுதல், வளர்ப்பின் பொறுப்பு முழுவதையும் தாயின்மேல் ஏற்றுதல் ஆகியன இப்பேச்சில் மீண்டும் மீண்டும் காணப்படும் இயல்புகள். இவை சமூகவியல் நோக்கிலும் உளவியல் நோக்கிலும் ஆராயத்தக்கன. எனினும் இவை மொழியில் எவ்வாறு நிகழ்கின்றன என்பதை அறிவதும் தமிழாய்வின் கடமையாகும்.

இங்கே சான்றாகக் காட்டப்படும் தொடர்கள் தமிழ்ப் பேச்சு வழக்கில் யாவரும் கேட்டறியக் கூடியவை. எவ்வளவு பேர் எத்தனை முறை இவ்வாறு பேசுகின்றனர் என்பது இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது. ஒரு தொடர் இவ்வாறு அமையும்போது அது கேட்பவரிடம் எதனை ஏற்குமாறு கோருகின்றது என்பதே இங்கு ஆய்பொருள்.

2. முற்கோளும் இடைச்சொல்லும்

சொல்பவர் வெளிப்படச் சொல்லாமல், கேட்பவரும் முன்பே ஏற்றுக்கொண்டதாக வைத்துக்கொண்டு பேசும் கருத்தினை இங்கு முற்கோள் எனக் குறிக்கிறோம். அதன் தனித்தன்மை, தொடரை மறுத்தாலும் அது மறுக்கப்படாமல் நிற்பதாகும். வினாவுக்கு 'ஆம்' என்றாலும் 'இல்லை' என்றாலும் முற்கோள் ஏற்கப்பட்டதாகவே ஆகிவிடுகின்றது.

தமிழில் முற்கோளைச் சுமக்கும் பணியைப் பெரிதும் செய்பவை இடைச்சொற்களும் அவற்றின் இயல்பை ஏற்றுவிட்ட பிற சிறு சொற்களுமே. இடைச்சொல் தனித்து நடக்கும் இயல்பில்லாதது. பெயரோடும் வினையோடும் சேர்ந்தே நடப்பது என்பது தொல்காப்பியர் கொள்கை. உம்மைக்கு எச்சம், சிறப்பு, ஐயம், எதிர்மறை, முற்று, எண், தெரிநிலை, ஆக்கம் என எட்டுப் பொருள்களையும், ஓகாரத்திற்குப் பிரிநிலை, வினா, எதிர்மறை, ஒழியிசை, தெரிநிலை, சிறப்பு என ஆறு பொருள்களையும், ஏகாரத்திற்குத் தேற்றம், வினா, பிரிநிலை, எண், ஈற்றசை என ஐந்து பொருள்களையும் அவர் வகுத்துள்ளார். சொல்லப்பட்டதற்கும் உணர்த்தப்பட்டதற்கும் இடையிலான வேறுபாட்டை இப்பகுப்பு நுட்பமாகக் கண்டுள்ளது.

3. காலத்தை அளக்கும் வினா

"பாப்பா நடக்குதா?" என்பதும் "பாப்பா இன்னுமா நடக்கல?" என்பதும் ஒரே செய்தியை அறிய எழுந்த வினாக்கள் போலத் தோன்றும். முன்னது செய்தியைக் கேட்கின்றது. பின்னதில் 'இன்னும்' என்னும் சொல், நடக்க வேண்டிய காலம் கடந்துவிட்டது என்னும் முற்கோளைக் கொண்டுள்ளது. அதனோடு சேர்ந்த ஆகார வினா, அந்நிலை வியப்புக்குரியது என்பதையும் உணர்த்துகின்றது. "இல்லைங்க, ரெண்டடி வைக்கிறா" எனத் தாய் மறுமொழி கூறுவாளாயின், நடக்கவில்லை என்பதை மட்டுமே அவள் மறுத்தவளாகிறாள். காலம் கடந்தது என்பதை அவளும் ஒப்புக்கொண்டதாகவே பேச்சு தொடர்கின்றது.

இம்முற்கோள் மெய்யாதல் வேண்டும் என்பதில்லை. உலக நல வாழ்வு அமைப்பு 2006இல் வெளியிட்ட குழந்தைகளின் இயக்க வளர்ச்சி ஆய்வு, இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளின் குழந்தைகளைக் கொண்டு நிகழ்ந்தது. துணையின்றி நடத்தலுக்கு அது காட்டும் கால எல்லை 8.2 மாதம் முதல் 17.6 மாதம் வரை பரந்துள்ளது. துணையின்றி உட்காருதலுக்கு 3.8 முதல் 9.2 மாதம் வரை ஆகலாம். கைகளையும் முழங்கால்களையும் ஊன்றித் தவழாமலே நடக்கத் தொடங்கிய குழந்தைகள் 4.3 விழுக்காட்டினர். ஆகவே பதின்மூன்று மாதக் குழந்தையை நோக்கி 'இன்னுமா' என்று கேட்பதற்கு அடிப்படை இல்லை.

"எங்க பையன் பத்து மாசத்துலேயே நடந்துட்டான்" என்பது இதற்கு இணையான மற்றொரு தொடர். இதிலுள்ள ஏகாரம் பத்து மாதத்தைப் பிற மாதங்களிலிருந்து பிரித்துக் காட்டும் பிரிநிலை. 'மற்றவர்க்கு இதனினும் நாளாகும்' என்பது அதன் உட்கிடை. மேற்கூறிய எல்லையை நோக்க, பத்தாம் மாதத்தில் நடத்தலும் பதினாறாம் மாதத்தில் நடத்தலும் இயல்பே. அவ்விரண்டிற்கும் இடையே உயர்வு தாழ்வை உண்டாக்குவது அந்த ஏகாரமே.

4. அளவுகோலாகும் பருவமும் அழைப்பாகும் பருவமும்

குழந்தையின் வளர்ச்சியை மாதவாரியாகப் பகுக்கும் வழக்கம் தமிழுக்குப் புதிதன்று. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களையும் மூன்றாம் மாதம் முதல் இருபத்தொன்றாம் மாதம் வரையிலான ஒற்றைப்படை மாதங்களில் அமைத்துப் பாடும் முறையைப் பாட்டியல் மரபு கூறுகின்றது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் பாடிய குலோத்துங்கன் பிள்ளைத்தமிழ் முதல் பதினேழாம் நூற்றாண்டில் குமரகுருபரர் பாடிய மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் வரை இப்பருவப் பகுப்பே நூலின் சட்டகமாக நிற்கின்றது.

இப்பருவங்களின் வினை வடிவம் இங்குக் கருதத்தக்கது. சப்பாணி கொட்டவும், முத்தம் தரவும், நடந்து வரவும் குழந்தை வேண்டப்படுகின்றது. இவை வேண்டுதலும் அழைப்புமாக அமைந்த வினைகள். வருகைப் பருவத்தில் புலவர் கேட்பது குழந்தையின் வருகையை. அது வாராமைக்கு விளக்கத்தையன்று. அன்றியும் இவ்வழைப்பு குழந்தையை நோக்கியே அமைகின்றது. 'இன்னுமா' என்னும் வினாவோ தாயை நோக்கி அமைகின்றது. ஒரே மாதக் கணக்கு ஓரிடத்தில் அழைப்பாகவும் மற்றோரிடத்தில் விசாரணையாகவும் அமைவது இதனால் விளங்கும்.

எனினும் பிள்ளைத்தமிழைக் குழந்தை வளர்ப்பு நூலாகக் கொள்ளுதல் பொருந்தாது. அதன் பாட்டுடைத் தலைமக்கள் தெய்வங்களும் அரசர்களும் சான்றோர்களுமாவர். பருவத்தில் பின்தங்கிய பிள்ளைக்கு அவ்விலக்கிய வகையில் இடமில்லை. இறுதி மூன்று பருவங்கள், ஆண்பாலுக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர் எனவும் பெண்பாலுக்குக் கழங்கு, அம்மானை, ஊசல் எனவும் பிரிவதில் அக்காலத்திற்குரிய முற்கோளும் உண்டு. இங்கு எடுத்துக்காட்டப்பட்டது அதன் தொடரமைப்பு மட்டுமே.

5. இழிவு சிறப்பும் தாயின் உழைப்பும்

"தாய்ப்பால்கூடக் குடுக்கலையா?" என்னும் தொடரில் 'கூட' என்பது சிறப்பும்மையின் பணியைச் செய்கின்றது. சிறப்பும்மையை உயர்வு சிறப்பு, இழிவு சிறப்பு எனப் பகுப்பது இலக்கண மரபு. இங்கு அமைந்தது இழிவு சிறப்பு. எந்தத் தாயும் எளிதாகச் செய்துவிடக்கூடிய மிகச் சிறிய செயலாகப் பாலூட்டுதலை அது கீழ்நிலையில் வைக்கின்றது. அதனையும் செய்யாதவள் எதனைச் செய்வாள் என்பது எஞ்சி நிற்கும் பொருள்.

முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டுமே தருதல் வேண்டும் என்பது உலக நல வாழ்வு அமைப்பின் பரிந்துரை. அதன் நன்மையில் ஐயமில்லை. ஆயினும் அது இரவும் பகலும் உறக்கத்தை இழந்து செய்யும் கடும் உழைப்பு. மார்புக் காம்பு வெடிப்பு, பால்கட்டு, தாய் உட்கொள்ளும் சில மருந்துகள், குறைமாதக் குழந்தையின் உறிஞ்சும் வலுக்குறைவு எனத் தடைகள் பல. கடினமான ஒன்றை மிக எளியதாக்கிக் காட்டும் இவ்விடைச்சொல், தடையைச் சொல்லி உதவி கேட்கும் வாயிலையே அடைத்துவிடுகின்றது. பரிந்துரையை வலியுறுத்துவதாக எண்ணிப் பேசுபவர், அதனை நிறைவேற்றத் தேவையான உதவி சென்று சேராமல் தடுத்தவராகிறார்.

தந்தையைப் பற்றிய பேச்சில் இதன் மறுதலையைக் காணலாம். "அவர் பிள்ளையப் பாத்துக்கிறதுல ரொம்ப உதவியா இருக்கார்" என்பது பாராட்டு. ஆனால் 'உதவி' என்னும் சொல், அவ்வேலை வேறொருவருடையது என்னும் முற்கோளைக் கொண்டது. தன் வேலையைத் தான் செய்பவரை உதவியவர் என்று எவரும் கூறுவதில்லை.

6. 'நாங்களெல்லாம்': உள்ளடங்கியவரும் விடுபட்டவரும்

புதிய மருத்துவ அறிவுரையை மறுக்கும்போது பெரியோர் கூறும் தொடர், "நாங்கல்லாம் இப்படித்தானே வளர்ந்தோம்" என்பது. 'எல்லாம்' முழுமையை உணர்த்துவது. ஆனால் இங்கு எவருடைய முழுமை என்னும் வினா எழுகின்றது. வளர்ந்தோம் என்று தன்மைப் பன்மையில் கூறக்கூடியவர் வளர்ந்தவர் மட்டுமே. இந்திய அரசின் மாதிரிப் பதிவு முறைக் கணக்கின்படி, 1971இல் உயிருடன் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 குழந்தைகள் ஓராண்டு நிறையும் முன்னரே இறந்தன. 2020இல் அவ்வெண்ணிக்கை 28. முன்னைய தலைமுறையில் வளராது போனவர்கள் 'நாங்கள்' என்னும் சொல்லுக்குள் வர இயலாதவர்கள்.

அவ்விறப்புகள் அனைத்திற்கும் வளர்ப்பு முறையே காரணம் என்பது இதன் பொருளன்று. வறுமை, நோய்த்தொற்று, மருத்துவ வசதியின்மை எனக் காரணங்கள் பல. எனினும், எஞ்சியவரின் அனுபவத்தை எல்லாருடைய அனுபவமாகக் காட்டும் வேலையை 'எல்லாம்' என்னும் ஒரு சொல் எவ்வாறு செய்கின்றது என்பதை இக்கணக்கு தெளிவாக்குகின்றது.

7. தேற்றம் தரும் கேடு

மேற்கண்டவை தேவையற்ற அச்சத்தை உண்டாக்குபவை. தேவையான அச்சத்தை அகற்றிவிடும் முற்கோளும் உண்டு. "ஆம்பளப் புள்ளைங்க லேட்டாத்தான் பேசும்" என்பது அத்தகையது. தொல்காப்பியர் ஏகாரத்திற்குக் கூறும் தேற்றப் பொருளை இக்கால வழக்கில் 'தான்' பெரிதும் ஏற்றுள்ளது. தேற்றம் ஐயத்திற்கு இடமில்லாமற் செய்வது. பேச்சுத் தாமதத்திற்குக் கேள்விக் குறைபாடு ஒரு காரணமாக இருக்கலாம். பிறந்த ஒரு மாதத்திற்குள் செவிச் சோதனை, மூன்று மாதத்திற்குள் குறைபாட்டை உறுதி செய்தல், ஆறு மாதத்திற்குள் உரிய இடையீடு என்பது மருத்துவர்கள் வகுத்துள்ள கால வரிசை. இந்தியாவில் 2013இல் தொடங்கப்பட்ட தேசியச் சிறார் நலத் திட்டம், பிறப்பு முதல் 18 வயது வரையுள்ளோரின் குறைபாடுகளையும் வளர்ச்சித் தாமதங்களையும் கண்டறிய வழிசெய்கின்றது. இவ்வாயில்கள் திறந்திருந்தும், 'தான்' என்னும் தேற்றத்தை நம்பி ஈராண்டு காத்திருக்கும் குடும்பத்தின் பிள்ளை, மொழியைக் கற்பதற்குரிய காலத்தை இழக்கின்றது.

8. ஒழியிசையும் பழியும்

"அம்மா வேலைக்குப் போறாங்களோ?" என்பதில் ஓகாரம் வினாப்போல் நிற்கின்றது. ஆனால் பிள்ளையின் குறையைப் பற்றிப் பேசும் இடத்தில் அது வருமாயின், 'அதனால்தான் இப்படி' என்பது சொல்லாமலே கேட்கின்றது. சொல்லப்படாமல் ஒழிந்து நின்ற பொருளை உணர்த்தும் இதனை ஒழியிசையின்பாற் படுத்தலாம். சொல்லாத பழியை மறுக்க வழியில்லை. மறுத்தால், 'நான் ஒன்றும் சொல்லவில்லையே' என்பது மறுமொழியாகும்.

இம்முற்கோள் பாமரர்க்கு மட்டும் உரியதன்று. தன்முனைப்புக் குறைபாட்டை லியோ கானர் 1943இல் விளக்கிய பின், தாயின் அன்பின்மையே அதற்குக் காரணம் என்னும் கருத்து அறிஞரிடையேயும் பரவியது. புரூனோ பெட்டல்ஹீம் 1967இல் வெளியிட்ட நூல் அதனை மேலும் பரப்பியது. அதற்கு முன்பே, 1964இல், அக்குறைபாட்டின் தோற்றம் உடலியல் சார்ந்தது எனப் பெர்னார்டு ரிம்லாண்டு வாதிட்டிருந்தார். பிற்கால ஆய்வுகள் தாயைப் பழிக்கும் கொள்கையை முற்றிலும் கைவிட்டன. அதற்குள் பிள்ளையின் குறையோடு தம்மீது சுமத்தப்பட்ட பழியையும் தாய்மார் சுமக்க நேர்ந்தது.

9. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன பெறப்படுகின்றன. பிள்ளை வளர்ப்பு அறிவுரை எரிச்சலூட்டுவதற்கு அதன் கருத்து மட்டும் காரணமன்று. மறுமொழி கூற இயலாத இடத்தில் அக்கருத்து ஒளிந்து நிற்பதே பெருங்காரணம். 'இன்னும்' காலத்தையும், 'கூட' உழைப்பின் அளவையும், 'எல்லாம்' அனுபவத்தின் பரப்பையும், 'தான்' ஐயத்தையும், ஓகாரம் பழியையும் கேட்பவரின் இசைவின்றி முடிவு செய்துவிடுகின்றன. இவற்றால் இயல்பான பிள்ளையின் தாய் வீணே அஞ்சுவதும், உதவி தேவைப்படும் பிள்ளையின் தாய் வீணே தேறுவதும் நிகழ்கின்றன.

இவ்விடைச்சொற்கள் மொழியின் வளம். அவற்றை விலக்குதல் இயலாது, வேண்டுவதும் இல்லை. ஆயினும் தாய்சேய் நலப் பணியாளர்க்கான பயிற்சியிலும், பெற்றோர்க்கெனத் தமிழில் எழுதப்படும் கையேடுகளிலும் இவற்றின் பொருள் கருதப்பட வேண்டும். "இன்னுமா நடக்கல?" என்பதை விடுத்து "இப்ப என்னென்ன செய்யுறா?" எனக் கேட்கும் செவிலியர்க்கு மெய்யான மறுமொழி கிடைக்கும் வாய்ப்பு மிகுதி. அம்மறுமொழியைக் கொண்டே, அஞ்ச வேண்டிய தாமதத்தையும் அஞ்ச வேண்டாத தாமதத்தையும் அவர் பிரித்தறிய இயலும்.