கடல் முதற் கடல் வரை

இயற்கையை மனிதன் வென்றான் என்னும் கூற்றினை நாம் அடிக்கடி கேட்கின்றோம். மலையேறுவாரையும் கடல் நீந்துவாரையும் பற்றி அவ்வாறே பேசுகின்றோம். இக்கூற்று எத்துணை பொருந்தும் என்பதனை நியூசிலாந்தில் நிகழும் நெடும்பயணப் போட்டியொன்றைக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

நியூசிலாந்தின் தென்தீவிற்கு முதுகெலும்பென நிற்பது தென் ஆல்ப்ஸ் மலைத்தொடர். அதன் மேற்கே தாஸ்மன் கடலும், கிழக்கே பசிபிக் மாகடலும் உள்ளன. மேல்கடலினின்று எழும் ஈரக்காற்று மலையில் தடையுண்டு மேற்புறத்தே பெருமழையாகப் பொழிகின்றது. கீழ்ப்புறச் சமவெளியோ மழை குறைந்தது. மேலைக்கரையிற் கிடைக்கும் பச்சைக்கல்லை நாடி மவோரி மக்கள் பண்டே இம்மலைகளைக் கால்நடையாகக் கடந்தனர். 1864-ஆம் ஆண்டில் ஆர்தர் டட்லி டாப்ஸன் என்னும் நில அளவையாளர் ஆராய்ந்த கணவாய், இன்றும் ஆர்தர் கணவாய் என அவர் பெயரால் வழங்குகின்றது.

அப்பகுதியிலேயே, 1983-ஆம் ஆண்டில் ராபின் ஜட்கின்ஸ் என்பார் இப்போட்டியைத் தொடங்கினார். ‘கோஸ்ட் டு கோஸ்ட்’ என்பது அதன் பெயர். முதலில் இரு நாட்களில் முடிக்கும் வகையில் அமைந்தது. 1987-இல் ஒரே நாளில் முடிக்கும் பிரிவும் சேர்க்கப்பட்டது. மொத்தத் தொலைவு 243 கிலோமீட்டர். பொறியின் துணை யாதுமின்றி, காலும் மிதிவண்டியும் துடுப்புமே கொண்டு இதனைக் கடத்தல் வேண்டும்.

குமாரா என்னும் ஊரின் மேலைக்கடற்கரையிலே வீரர் புறப்படுவர். இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மிகுதியாக ஓடி, மிதிவண்டியேறி 55 கிலோமீட்டர் சென்று மலையடிவாரம் சேர்வர். ஆங்கிருந்து முப்பது கிலோமீட்டருக்கு மேற்பட்ட மலையோட்டம் தொடங்கும். டிசெப்ஷன் ஆற்றின் பாறைகள்மீது தாவியும், அதன் குளிர்நீரைப் பன்முறை கடந்தும், 1,070 மீட்டர் உயரமுள்ள ஆட்டுக் கணவாயை ஏறி, மிங்கா ஆற்றின் வழியே இறங்குவர். பின்னர் 15 கிலோமீட்டர் மிதிவண்டிப் பயணம். அதன்பின் வைமக்கரிரி ஆற்றில் கயாக் என்னும் ஒடுங்கிய படகிலே ஏறத்தாழ 70 கிலோமீட்டர். இறுதியில் மீண்டும் 70 கிலோமீட்டர் மிதிவண்டியிற் சென்று கிறைஸ்ட்சர்ச் நகரின் கீழைக்கடற்கரையை அடைவர்.

இவற்றுள் நம் கருத்தினை மிகுதியும் ஈர்ப்பது ஆற்றுப்பகுதியே. வைமக்கரிரி, சடையின் புரிகள்போலப் பல கிளைகளாகப் பிரிந்தும் கூடியும் ஓடுவது. நீர் மிக்க கிளையைக் கண்டு தெளிபவன் விரைந்து செல்வான்; பிழைபடத் தேர்ந்தவனது படகு பரற்கற்களில் தட்டி நிற்கும். மலையிடுக்கிலோ ஆறு பாறைச்சுவரில் மோதித் திரும்பும். பாறையைக் கண்டு அஞ்சி அதற்கு எதிர்ப்புறம் சாய்பவனது படகைப் பெருக்குக் கவிழ்த்துவிடும். பாறையை நோக்கிச் சாய்பவனே நிலைபெறுவான். அச்சம் காட்டும் வழி ஈண்டுக் கேட்டின் வழியாகின்றது. தோள்வலி மட்டும் பெற்றவன் இதனை அறியான். ஆதலின், ஆற்றிற் படகோட்டும் திறமைக்குச் சான்றிதழ் பெற்றோரே அப்பகுதியிற் செல்ல ஒப்பப்படுகின்றனர்.

இன்னும் ஒன்று. மேற்புறத்துப் பெருமழையால் மலையாறுகள் பெருகுமாயின், மலையோட்டத்தைக் கைவிட்டு வேறு வழியில் வீரரை அனுப்புவர். ஓராண்டெல்லாம் அம்மலைக்கெனவே பயின்றவன் அம்மலையை மிதியாமலே திரும்ப நேரிடும். அது கசப்பே, ஆயினும் ஆறு வீரனது ஆவலை நோக்கித் தன் பெருக்கினைக் குறைத்துக்கொள்வதில்லை. பணிந்து விலகுதலும் அங்கே போட்டியின் ஒரு பகுதியாகும்.

தனி வீரன் வெற்றி என நாம் கருதுவதும் முற்றும் உண்மையன்று. ஒவ்வொரு மாறுமிடத்திலும் மிதிவண்டியையும் படகையும் உணவையும் ஏந்தி நிற்கும் துணைவர் இல்லையேல் அவன் ஓரடியும் அப்பாற் செல்லான். கரை சேர்ந்தபின் பரிசு அவனுக்கு; முன்னதாகவே வந்து காத்திருந்த களைப்பு அவர்களுக்கு.

ஆகவே, இப்போட்டியில் இயற்கை வெல்லப்படுவதில்லை என்பது தெளிவு. அதனைப் படித்தறிந்தவனுக்கு அது வழிவிடுகின்றது. ஓட்டத்தில் வல்லவன் நீரிலும், நீரில் வல்லவன் மலையிலும் தன் குறையை அறிகின்றான். அக்குறையை முன்னரே அறிந்து, அதனிடத்தே மிகுதியும் உழைத்தவனே மறுகரையைக் காண்கின்றான். எளிதாய் வருவதனையே மீண்டும் மீண்டும் பயின்று மகிழும் மாணவராகிய நாம் எண்ணத்தக்கது இதுவே.