ஒரு துளிக் குருதி

மாடொன்று திடீரென இறந்து, மூக்கிலும் ஆசனவாயிலும் கட்டிபடாத குருதி வடியுமாயின், மிருக வைத்தியர் அதனை அறுத்துப் பார்ப்பதில்லை. அடைப்பான் எனப்படும் அந்திராக்ஸ் நோயின் பற்றீரியா, காற்றுப்பட்டால் வித்தியாகி மண்ணிற் பல்லாண்டு கிடக்கும். 1942இல் இக்கிருமியைப் பரப்பிப் பரீட்சித்த ஸ்கொத்லாந்தின் குறுயினாட் தீவு 1990 வரை மனிதர் புகாவண்ணம் தடைப்பட்டிருந்தது!

ஆகவே, காதுச் சிரையிலிருந்து ஊசியால் எடுத்த ஒரு துளியே போதும். அதனைக் கண்ணாடி வழுக்கியிற் பூசி, உலர்த்தி நிலைப்படுத்தி, நாட்பட்ட மெதிலீன் நீலத்தால் நிறமூட்டி, நுணுக்குக்காட்டியில் நோக்குவர். சதுரமுனைக் கோல்கள் நீலமாகவும், சூழ்ந்த உறை இளஞ்செந்நிறமாகவும் தோன்றும். 1903இல் பிரித்தானிய மிருகவைத்தியர் மக்பாடியன் வெளியிட்ட இம்முறை இன்றும் வழக்கொழியவில்லை.

உடல் அழுகினாலோ கோல்கள் அழிந்துவிடும். வேறு பற்றீரியாக்கள் பெருகி மயக்கும். அந்நிலையிற் கிருமி காணாமை நோயின்மைக்குச் சான்றாகாது. வளர்ப்பூடகத்திலிட்டு, மரபணுச் சோதனையும் செய்தே முடிவுகூறுவர்.