போலந்துக்குப் பறவை பார்க்கப் போகும் பிள்ளைகளுக்கு

மே மாதம் நீங்கள் நாலு பேரும் பியாவோவியேஜா காட்டுக்கும் பியெப்ஜா சதுப்புக்கும் கிளம்பப் போவதாகத் தங்கச்சி மகள் சொன்னாள். ஓய்வு பெற்ற பிறகு இரண்டு தடவை அங்கே போய் வந்தவள் நான். முதல் தடவை கைடு சொன்னதில் பாதியைக் கேட்கவில்லை. அந்தப் பாதியைத்தான் இப்போது உங்களுக்கு எழுதுகிறேன்.

1. கரடி, ஓநாய் பற்றியெல்லாம் கவலைப்பட வேண்டாம், உண்ணிக்குப் பயப்படுங்கள். அந்தப் பக்கத்து உண்ணி மூளைக்காய்ச்சலைக் கொண்டுவரும். அதற்குத் தடுப்பூசி உண்டு. ஆனால் முழுப் பாதுகாப்புக்கு மூன்று ஊசி வேண்டும், நடுவே இடைவெளியும் வேண்டும். விசா வாங்கிய கையோடு டாக்டரைப் பார்த்துவிடுங்கள். லைம் நோயும் உண்ணியால்தான் வருகிறது, அதற்கு ஊசி கிடையாது. பேன்ட் காலை சாக்ஸுக்குள் செருகிக்கொள்ளுங்கள், அழகு போனால் போகட்டும். ராத்திரி குளிக்கும்போது முழங்காலுக்குப் பின்னால், அக்குளில், இடுப்பு எலாஸ்டிக் பட்ட இடத்தில் தடவிப் பாருங்கள்.

2. பைனாகுலர் 8x42 போதும். 10x வாங்கினால் கை நடுக்கம்தான் பெரிதாகத் தெரியும். மேலும் அந்தக் காட்டுக்குள் மே மாதக் காலையிலும் வெளிச்சம் குறைவு. கிளம்பும் முன் ஒரு மாதம் மொட்டை மாடியில் நின்று மைனாவைப் பார்த்துப் பழகுங்கள். கண் பறவை மேலேயே இருக்க, கை மட்டும் பைனாகுலரை உயர்த்த வேண்டும். கைடு காட்டும்போது குனிந்து ஃபோகஸ் சக்கரத்தைத் தேடுகிறவர் கண்ணில் கிளைதான் படும்.

3. முதல் நாள் காலை ஏமாந்து போவீர்கள், சொல்லி வைக்கிறேன். நான் கூந்தன்குளத்தில் பறவை பார்க்கப் பழகியவள். அங்கே தெருவில் நின்றாலே தலைக்கு மேல் நூறு கூடு. உலகப் பாரம்பரியச் சின்னம், ஐரோப்பியச் சமவெளியை மூடியிருந்த ஆதிக்காட்டின் மிச்சம் என்றெல்லாம் படித்துவிட்டுப் போனால் பறவை கொட்டிக் கிடக்கும் என்றுதானே தோன்றும்? இரண்டு மணி நேரத்தில் நான் பார்த்தது ஐந்தோ ஆறோ. கைடிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

பிறகுதான் அவர் விளக்கினார். 1975 முதல் அங்கே விடாமல் பறவைக் கணக்கு எடுக்கிறார்கள். மனிதன் நட்டு வளர்த்த காட்டையும் பூங்காவையும்விட இந்தப் பழங்காட்டில் வகை அதிகம், தலைக்கணக்கு குறைவு. பொந்துகள் வேண்டிய மட்டும் இருக்கின்றன, குடியேற ஆள்தான் போதவில்லை. முட்டையையும் குஞ்சையும் தூக்குகிற பிராணிகள் அத்தனை அங்கே. ஆதலால் நடையைக் குறையுங்கள். நூறு அடிக்கு ஒரு தடவை நின்று ஐந்து நிமிடம் வாயை மூடிக்கொள்ளுங்கள்.

4. செத்த மரம் வந்தால் தாண்டிப் போகாதீர்கள். மற்றதெல்லாம் மறந்தாலும் இது மறக்கக் கூடாது. விழுந்த மரம் அங்கே விழுந்த இடத்திலேயே கிடக்கும், யாரும் எடுப்பதில்லை. ஓக், லிண்டன், ஹார்ன்பீம், ஸ்ப்ரூஸ் எல்லாம் இடுப்பளவு பாசி போர்த்திக் கிடக்க, அதன் முதுகிலேயே அடுத்த தலைமுறைச் செடி முளைத்திருக்கும். கிராமத்துத் தோட்டங்களையும் சேர்த்துக்கொண்டால் ஒன்பது வகை மரங்கொத்தியை அந்தப் பக்கம் பார்க்கலாம். காரணம் இந்தச் சாவுதான்.

எந்த மரம், எப்படிச் செத்தது என்று பார்த்தால் யார் வருவார் என்பதும் தெரிந்துவிடும். ஸ்ப்ரூஸ் மரத்தைப் பட்டைவண்டு தின்று சாய்த்திருந்தால் மூவிரல் மரங்கொத்தி. இற்றுப்போன இலையுதிர் மரம், அதுவும் தரையோரம் மெத்தென்று உளுத்தது என்றால் வெண்முதுகு மரங்கொத்தி. கிழட்டு ஓக் மரத்தின் சொரசொரப்பான பட்டையில் நடுத்தரப் புள்ளி மரங்கொத்தி. காக்கை அளவில் கன்னங்கரேல் என்று சிவப்புக் குல்லாய் போட்டு வருவது கருப்பு மரங்கொத்தி. அது விட்டுப்போன பொந்தில் டெங்மால்ம் ஆந்தை குடியேறும்.

இரண்டாம் தடவை ஒரு ஸ்ப்ரூஸ் மரத்தடியில் கைடு என் தோளைத் தொட்டு நிறுத்தினார். நான் வழக்கம்போல அண்ணாந்து பார்த்தேன். அவர் தரையைக் காட்டினார். பச்சைப் பாசி மேல் பட்டைச் சில்லுகள் உதிர்ந்து கிடந்தன, உட்புறம் இன்னும் செம்பழுப்பு மாறாமல். காலையில் உதிர்ந்தவை. கதவை நகத்தால் தட்டுவது போல ஒரு சத்தம். தலைக்கு மேல் பத்தடி உயரத்தில் மஞ்சள் உச்சியோடு ஆண் மூவிரல். பட்டையைப் பக்கவாட்டில் நெம்பித் தள்ளுகிறது, நாக்கை விடுகிறது, ஓர் அங்குலம் நகர்கிறது. பத்து நிமிடம் எங்களைக் கண்டுகொள்ளவே இல்லை. இன்னொரு சில்லு என் தொப்பியில் விழுந்தது. அதைப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன்.

அந்தப் பட்டைவண்டைக் காரணம் காட்டித்தான் 2016இல் காட்டில் மரம் வெட்டுவதை அதிகப்படுத்த அனுமதி கொடுத்தார்கள். ஊர் இரண்டுபட்டது. 2018 ஏப்ரலில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் அது சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. உள்ளூர்க்காரர்களிடம் இந்தப் பேச்சை எடுக்கும்போது பார்த்து எடுங்கள். மரத்தை நம்பிப் பிழைத்த குடும்பங்களும் அங்கே இருக்கின்றன.

5. தேசியப் பூங்காவின் கண்டிப்பான காப்புப் பகுதிக்குள் உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் போக முடியாது. கைடை டிரைவர் மாதிரி நடத்தாதீர்கள். நீங்கள் காசு கொடுப்பது அவருடைய காதுக்கு. அவருக்கு ஓரடி பின்னால் நில்லுங்கள், முன்னால் போக வேண்டாம். போனில் பறவைக் குரலை ஓட்டி வரவழைக்கச் சொல்லி நச்சரிக்காதீர்கள். கூடு கட்டும் காலத்தில் பறவை இன்னொரு ஆண் எல்லைக்குள் புகுந்துவிட்டதாக நினைத்துக் குஞ்சை விட்டுவிட்டு அலையும்.

6. பாஸ்போர்ட் எப்போதும் பையில் இருக்கட்டும். காட்டின் மறுபாதி பெலாரஸில் இருக்கிறது. 2022இல் எல்லையில் ஐந்தரை மீட்டர் உயரத்துக்கு இரும்பு வேலி எழுப்பிவிட்டார்கள். ராணுவ வண்டி நிறுத்திக் கேட்டால் எரிச்சல்படாமல் காட்டுங்கள்.

7. காட்டெருதைப் பார்த்தால் பாருங்கள், ஆனால் அதற்காக ஒரு விடியலை வீணாக்காதீர்கள். 1919இல் இந்தக் காட்டின் கடைசிக் காட்டெருதைக் கொன்றார்கள். காட்சிசாலைகளில் மிஞ்சியவற்றைக் கொண்டுவந்து 1929 முதல் வேலிக்குள் வளர்த்து, 1952இல் காட்டில் விட்டார்கள். அந்தக் கதை பெரிது, மரியாதைக்குரியது. ஆனால் நீங்கள் போவது பறவைக்கு.

8. சாப்பாடு. சைவம் சாப்பிடுகிறவள் பட்டினி கிடக்க வேண்டாம். பியெரோகி என்று ஒன்று உண்டு, நம் சோமாசி வடிவம், கொழுக்கட்டைப் பதம். உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் வைத்தது என்று கேட்டு வாங்குங்கள். எலுமிச்சை ஊறுகாய் ஒரு பாட்டில் கொண்டுபோங்கள், கைடுக்கும் கொடுங்கள். சூரியன் நாலரைக்கே உதித்துவிடும். அதற்கு முன்பே கிளம்புவதால் காலைச் சாப்பாட்டை முதல் நாளே பெட்டியில் கட்டித் தருவார்கள்.

9. வண்டியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வடக்கே போனால் பியெப்ஜா. வழியில் ஊருக்கு ஊர் மின்கம்பத்தின் மேல் செங்கால் நாரைக் கூடு. எண்ணிக்கொண்டே போங்கள், தூக்கம் வராது. சதுப்பில் இறங்கியதும் காட்டில் படித்த பாடத்தைக் கழற்றி வைக்க வேண்டும். காட்டில் கை வைக்காததால் பறவை தங்கியது. இங்கே கை வைத்ததால் தங்கியது. தலைமுறை தலைமுறையாகக் கிராமத்தார் அரிவாளோடு இறங்கி மாட்டுக்குக் கோரை அறுத்த இடம் இது. அறுப்பு நின்றதும் நாணலும் வில்லோ புதரும் பிர்ச் மரமும் ஏறி வந்துவிட்டன. இப்போது பனிச்சறுக்குச் சரிவை மட்டப்படுத்தும் வண்டியை மாற்றியமைத்து அறுக்கிறார்கள். அகலமான பட்டைச் சக்கரம் என்பதால் கரிச்சேற்றில் அது புதைவதில்லை.

எல்லாம் பதினைந்து கிராம்கூட இல்லாத ஒரு கதிர்க்குருவிக்காக. அக்வாட்டிக் வார்ப்ளர் என்பார்கள். ஐரோப்பாவில் கூடு கட்டி, மேற்கு ஆப்பிரிக்காவில் குளிர்காலம் கழிப்பது. அதற்கு முழங்கால் உயரக் கோரைதான் வேண்டும், அதற்கு மேல் வளர்ந்தால் இடத்தைக் காலி செய்துவிடும். இதில் ஆண் ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப் போடுவதில்லை. பாடுவதோடு அவர் வேலை முடிந்தது, கூடும் குஞ்சும் தாய் பொறுப்பு. நான் சிரித்த காரணம் கைடுக்குப் புரியவில்லை.

அது நன்றாகப் பாடுவது சூரியன் மறையும் நேரத்தில். துவுகா லூகா மரப்பலகைப் பாதையில் ஆறு பேர் மூச்சுப் பிடித்து நின்றோம். உச்சந்தலையில் சந்தன நிறக் கீற்றோடு ஒன்று கோரை நுனிக்கு ஏறி வந்தது. சரியாக எட்டு மணி. என் மாத்திரை அலாரம் சுப்ரபாதம் பாடியது. குருவி கோரைக்குள் விழுந்து மறைந்தது. பையின் அடியில் போனைத் தேடி அணைப்பதற்குள் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. இருபது நிமிடம் கழித்து இருட்டுகிற நேரத்தில் திரும்ப ஏறி வந்தது. பலகைப் பாதைக்குப் போகும் முன் போனை வண்டியிலேயே வைத்துவிடுங்கள்.

10. அங்கேயே இருட்டும் வரை இருங்கள். புல்வெளியில் சீப்பின் பல்லில் நகத்தை ஓட்டுவது போல ‘க்ரெக்ஸ் க்ரெக்ஸ்’ என்று கேட்பது கார்ன்கிரேக். அதன் அறிவியல் பெயரே அதுதான். விடிய விடியக் கத்தும், கண்ணில் படாது. பார்க்க வேண்டும் என்று புல்லுக்குள் இறங்காதீர்கள்.

11. பட்டியல் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதில் செம்மார்பு ஈப்பிடிப்பானுக்கு மட்டும் அரைப் பக்கம் ஒதுக்குங்கள். காட்டின் நிழலடர்ந்த பகுதியில் இருக்கும். வாலைத் தூக்கினால் அடியில் இரு பக்கமும் வெள்ளை. தொண்டை சிவக்காததெல்லாம் பெட்டை என்று எழுதிவிடாதீர்கள், ஒரு வயது ஆணுக்கும் சிவப்பு வராது, ஆனால் பாடும். ‘ட்ர்ர்ர்’ என்று வறட்டுக் குரலில் ஒரு கூப்பாடு போடுமே, அதைக் காதில் ஏற்றிக்கொண்டு வாருங்கள். குளிர்காலத்துக்கு அது இந்தியாவுக்குத்தான் வருகிறது. டிசம்பரில் நம் பக்கம் ஏதாவது தோப்பில் அந்தச் சத்தம் கேட்டால் எனக்குப் போன் பண்ணுங்கள். மாத்திரை போட்டுப் படுத்திருந்தாலும் எழுப்புங்கள்.