கிருஷ்ணகிரி கல்லில் புழு இருக்குமா?



கிரானைட் ஏற்றிப் போகும் லாரிகளை ஓசூர் சாலையில் தினமும் பார்க்கிறோம். அந்தக் கல்லை உடைச்சா உள்ளே ஃபாசில், அதாவது தொல்லுயிர்ப் படிவம் கிடைக்குமா? கிடைக்காது. நம்ம மாவட்டப் பாறைகள் பூமிக்கு அடியில் கடும் வெப்பத்தில் உருவானவை. பலவற்றின் வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். அப்போ விலங்குகளே தோன்றவில்லை; நுண்ணுயிர்கள் மட்டும்தான்!

விலங்கினங்கள் பெருகியது கேம்ப்ரியன் காலத்தில். அது சுமார் 54 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கியது. அக்கால விலங்கான டிரைலோபைட்டின் படிவங்கள் நம் நாட்டில் இமாசலப் பிரதேசத்தின் ஸ்பிட்டியில் கிடைத்தன. 1910-இல் ரீட் என்ற ஆய்வாளர் அவற்றை விவரித்து எழுதினார். டிரைலோபைட்டுக்குக் கெட்டியான ஓடு உண்டு. அதனால்தான் கல்லில் நின்றது.

ஓடே இல்லாத புழு என்ன ஆகும்? நம்ம ஊரு மாம்பழத்தையே எடுத்துக்குங்க. தின்று போட்ட இடத்தில் கொட்டை மட்டும் மிஞ்சும். அங்கேயே வாழைப்பழமும் கிடந்து அழுகியிருந்தால்? கொட்டையை மட்டும் பார்த்தவர், “இங்கே வாழைப்பழமே இல்லை” என்பார்!

அழுகும் உடம்பும் தப்பிய இடங்கள் சில உண்டு. கனடாவின் பர்ஜஸ் ஷேல் பாறையை 1909-இல் சார்லஸ் வால்காட் கண்டார். சீனாவின் செங்ஜியாங் படிவங்களை 1984-இல் ஹௌ சியான்குவாங் கண்டார். கடலடியில் நுண்ணிய சேறு சட்டென்று மூடியதால், மென்மையான உடம்பும் பதிந்தது. கண், கால், சிலவற்றில் குடல்கூடத் தெரிகிறது!

எனக்குப் பிடித்தது ஓபபீனியா. ஐந்து கண்கள், முன்னால் தும்பிக்கை மாதிரி ஒரு குழாய். 1972-இல் அதன் படத்தை விட்டிங்டன் காட்டியபோது விஞ்ஞானிகளே சிரிச்சுட்டாங்களாம். ஹாலுசிஜீனியா இன்னும் வேடிக்கை. 1977-இல் அதன் முதுகு முட்களைக் கால்கள் என்று நினைத்து, தலைகீழாக வரைந்துவிட்டார்கள். சீனப் படிவங்களைப் பார்த்த பிறகு 1991-இல் நிமிர்த்தினார்கள்.

நண்பர்களே, ஒரு பாறையில் விலங்கு இல்லையென்றால் இரண்டு கேள்வி கேட்கணும்: அப்போ விலங்கே இல்லையா? இருந்தும் அழுகிப் போச்சா? நம்ம கல்லுக்கு முதல் பதில். வேறு பல பாறைகளுக்கு இரண்டாவது பதிலாக இருக்கலாம்.

சிந்திக்க: ஏரிச் சேற்றில் செத்த நத்தை, மண்புழு – இரண்டில் எது தடயம் விட்டுப் போகும்? ஏன்? விடையை எழுதி அறிவியல் ஆசிரியரிடம் கொடுங்க!

– 9-ஆம் வகுப்பு மாணவன்